சிரிக்கிறவர்களைப் பார்க்கப் போன கதை

அந்தமானின் பெரார்கஞ்ச், விம்பர்லிகஞ்ச், பேம்பூ ஃப்ளாட் வட்டாரத்தில் வயதான தமிழர் யாரையாவது பிடித்து உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தால், அரை மணி நேரத்துக்குள் சிவாஜி கணேசன் வந்துவிடுவார். "அவருக்கு இளநி வெட்டிக் கொடுத்த கை இதுதான்" என்று வலது கையை நீட்டிக் காட்டுவார்கள். 1978-இல் வெளிவந்த 'அந்தமான் காதலி' படத்துக்காக நடிகர் திலகம் எங்கள் தீவுக்கு வந்தது உண்மை. ஆனால் நீட்டப்பட்ட கைகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவர் சுஜாதாவோடு ஒரு காட்சிகூட நடித்திருக்க வாய்ப்பில்லை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை இளநீர் குடிக்கவே நேரம் சரியாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த தலைமுறைக்கு 1996-இல் வந்த 'சிறைச்சாலை'. மோகன்லால், பிரபு, தபு என்று பெரிய பட்டாளமே வந்து செல்லுலார் ஜெயிலில் இறங்கியது. அதில் கைதியாக நடித்ததாகச் சொல்லும் ஆட்கள் எங்கள் பஜாரிலேயே நிறையப் பேர் உண்டு. வெள்ளைக்காரன் கட்டியபோது அந்த ஜெயிலுக்கு ஏழு சிறகுகள். இன்றைக்கு மிச்சம் இருப்பவை மூன்று. நம்மவர்கள் சொல்வதை நம்பினால் ஏழும் போதாது, எட்டாவதாக ஒன்று கட்டியிருக்க வேண்டும்.

எங்கள் தீவுகளுக்கே சொந்தமான, சந்தேகத்துக்கு இடமில்லாத சர்வதேச நட்சத்திரம் என்றால் அது ராஜன்தான். ராஜன் ஒரு யானை. காட்டு மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டு, தீவுக்குத் தீவு கடலில் நீந்தப் பழகி, 2006-இல் வெளியான 'தி ஃபால்' என்ற படத்தில் நடித்து, பிறகு ஹேவ்லாக்கில் ஓய்வாகக் காலம் தள்ளினார். பெரிய நடிகர்களுக்குரிய மரியாதையோடுதான் 'தள்ளினார்' என்று எழுதுகிறேன். அவரோடு சேர்ந்து நீந்த வெளிநாட்டுக்காரர்கள் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். 2016-இல் காலமானார். கூட நடித்தவர்களைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை, அரசியலுக்கும் வரவில்லை.

மற்றபடி பிரபலங்களைப் பார்ப்பது எங்களுக்கு முதலை பார்ப்பது மாதிரிதான். வண்டூர் கடற்கரையில் ஒருத்தர் "அதோ!" என்பார். ஓடிப் போய்ப் பார்த்தால் தண்ணீர் மட்டும் இருக்கும். பார்த்தவர் பத்து அடி என்பார், வீடு போய்ச் சேர்வதற்குள் அது பதினாறு அடியாக வளர்ந்திருக்கும்.

இப்படிப் பார்க்க ஓடுகிறோம் என்றால் ஊர் சின்னது, காரணம் அதுதான். 1923-லிருந்து 1931 வரை இங்கே தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் துரையின் பெயரைத்தான் எங்கள் ஊர் சுமக்கிறது. துரை பட்டாம்பூச்சிப் பைத்தியம். வலையும் கையுமாக அலைந்து சேகரித்து, அந்தமான் நிக்கோபார் பட்டாம்பூச்சிகளைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆக, வேடிக்கை பார்ப்பது எங்கள் ஊருக்குப் பெயரோடு சேர்ந்து வந்த குணம். பட்டாம்பூச்சி குறைந்துபோன இந்தக் காலத்தில் மனிதர்களைப் பார்க்கிறோம். காலையில் நான் சூரை மீன் வாங்கினால், வீட்டு வாசலை மிதிப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா "இன்னைக்கு சூரையா? நேத்து வாங்குனது என்ன ஆச்சு?" என்று கேட்பார். டாக்டரிடம் போனால் என்ன மாத்திரை என்பது எனக்கு முன்னால் மெயின் ரோட்டுக்குத் தெரிந்திருக்கும். இப்படிப் பார்த்தால் பெரார்கஞ்சில் எல்லாருமே பிரபலம்தான். ஆட்டோகிராஃப் கேட்பதில்லை, அவ்வளவே.

சென்னைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. ஆனால் அது நடிகர்களால் வந்த ஆசையில்லை, கேசட்டால் வந்தது.

அந்தக் காலத்தில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற யாராவது ஒருத்தர் பையில் எஸ்.வி.சேகர் நாடகக் கேசட் ஒன்று கட்டாயம் இருக்கும். 'மகாபாரதத்தில் மங்காத்தா'வை நாங்கள் டேப் தேய்ந்து, ஆண் குரலெல்லாம் பெண் குரலாகும்வரை கேட்டிருக்கிறோம். மின்சாரம் போனால் டேப்ரிக்கார்டருக்கு பேட்டரி உண்டு. மழை அடித்து ஊற்றும். தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்போம். வசனமெல்லாம் மனப்பாடமான பிறகுதான் அதில் இன்னொரு நாடகம் நடப்பது என் காதில் விழுந்தது. சிரிப்பவர்கள்! சபாவில் உட்கார்ந்து சிரித்த ஜனங்களின் சிரிப்பும் அந்த நாடாவில் பதிவாகியிருந்தது. ஒரு அம்மாள் விக்கல் எடுக்கிற மாதிரி சிரிப்பார். ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிப்பார். இன்னொருத்தர் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, ஜோக் அப்போதுதான் புரிந்து, தனியாக ஒரு 'ஹஹ்ஹா' போடுவார். அதற்கு மொத்த சபாவும் மறுபடி சிரிக்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே 'ஹஹ்ஹா'. அவர் யார், எந்தத் தெரு, என்ன வேலை பார்க்கிறார், வீட்டிலும் இப்படித்தானா? எனக்கு நாடகத்தின் கதாநாயகனைவிட அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பிறகு கேசட் போய் யூடியூப் வந்தது. எங்களுக்கு அது வந்த விதம் தனி. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஃபைபர் கேபிள் போட்டுத் திறந்து வைத்தார்கள். அதுவரை எங்கள் இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பி ஓடியது. ஓடியது என்பதே அதிகம். ஒரு காமெடி வீடியோவைத் தட்டினால் "ஒருத்தன் பொண்ணு பார்க்கப் போனானாம்…" என்று ஆரம்பித்து வட்டம் சுற்றும். நான் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவேன். "பொண்ணோட அப்பா கேட்டாராம்…" மறுபடி வட்டம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் அரங்கமே உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருக்கும். அப்பா என்ன கேட்டார் என்பது மட்டும் நடுவில் எங்கோ வங்காள விரிகுடாவில் விழுந்திருக்கும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து நேரில் போவது. விருகம்பாக்கத்தில் மச்சான் வீடு. மனைவிக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும், எனக்குச் சிரிக்கிறவர்களைப் பார்க்க வேண்டும். ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறினோம்.

சென்னையில் பிரபலங்களைப் பார்ப்பதற்கென்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. அதை ஆரம்பித்து வைத்தவர்கள் தமிழர்களா தெலுங்கர்களா என்று பட்டிமன்றமே நடத்தலாம். திருப்பதிக்கு வந்த ஆந்திரத்து ஜனங்கள் ஏழுமலையானைச் சேவித்த கையோடு பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு தி.நகர் பஸுல்லா சாலைக்கு வருவார்களாம். அங்கேதான் அப்போது என்.டி.ராமாராவ் வீடு. திரையில் கிருஷ்ணனாகவும் வேங்கடாசலபதியாகவும் வந்தவர் வாசலில் நின்று தரிசனம் கொடுப்பார். அசலையும் பார்த்தாகிவிட்டது, நகலையும் பார்த்தாகிவிட்டது. கூட்டமில்லாத இடத்தில் நகல் பேசவும் செய்யும்.

மச்சான் எங்களை முதலில் கூட்டிப்போனது மெரினாவுக்கு. எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் ஒரு கிராமத்துக் கூட்டம் வரிசையாக வந்து, சமாதியின் பளிங்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. 1987 டிசம்பரில் அவரோடு சேர்த்து அடக்கம் செய்த கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது, 'டிக் டிக்' சத்தம் கேட்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி மூக்குத்தி பளிங்கில் உரசும்படி காதை அழுத்தி வைத்து, கண்ணை மூடி, பின்னால் நிற்கும் பேரனைப் பார்த்து "சும்மா இருடா, கேக்குது" என்றாள். நானும் வைத்தேன். காலை வெயிலில் பளிங்கு சுட்டது. காமராஜர் சாலையில் ஓடுகிற பஸ்ஸின் அதிர்வு கேட்டது. "கேட்டுச்சா அத்தான்?" என்றான் மச்சான். எனக்குப் பின்னால் வரிசையில் ஐம்பது பேர் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கேட்டுச்சு" என்றேன். அந்த இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர முடியுமா?

போயஸ் கார்டனில் வேறு விதம். ரஜினிகாந்த் பிறந்தநாளான டிசம்பர் 12-இல் அங்கே நிற்க இடம் கிடைக்காது என்றார்கள். நாங்கள் போனது சாதாரண நாள். அன்றைக்கும் ஒரு சின்னக் கூட்டம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. கேட் சாத்தியிருந்தது. சாத்திய கேட்டோடு எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒரு வேன் உள்ளே போகக் கதவு கொஞ்சம் திறந்தது, கூட்டத்தில் ஒரு "ஆ!" எழுந்தது. தண்ணீர் கேன் வண்டி.

எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. காரணம் எங்கள் ஊர்ப் பக்கத்து சமாசாரம். பெரார்கஞ்சைத் தாண்டி டிரங்க் ரோட்டில் மேலே போனால் ஜிர்காட்டாங் செக்போஸ்ட். ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிற வண்டிகள் அங்கே விடியும் முன்பே வரிசை கட்டி, போலீஸ் பாதுகாப்போடு கூட்டமாகத்தான் போக வேண்டும். 'நிறுத்தாதே, படம் எடுக்காதே, தின்பண்டம் கொடுக்காதே' என்று பலகை இருக்கும். பலகை ஏன் வைத்தார்கள் என்றால், அதையெல்லாம் செய்தார்கள், அதனால். டீக்கடையில் வடை தின்றுகொண்டே "இன்னைக்குத் தெரிவாங்களா?" என்று ஒரு படித்த மனிதர் டிரைவரிடம் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுச் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகளையே நிறுத்தி வைத்தது. நடிகர் விரும்பித் திரைக்கு வந்தவர். காட்டில் இருப்பவர்கள் யாரையும் வா என்று கூப்பிடவில்லை. இரண்டும் ஒன்றில்லைதான். ஆனாலும் கேட்டுக்கு வெளியே நிற்கிற முகங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. "போலாம்டா" என்றேன். மச்சான், "இன்னும் கொஞ்சம் இருங்க அத்தான், பால் வண்டி வர்ற நேரம்" என்றான்.

பிரபலத்தைக் கடைசியில் நான் பார்த்தது விருகம்பாக்கத்துக் காய்கறிக் கடையில். அந்தப் பேட்டையில் ஸ்டூடியோக்கள் பக்கம் என்பதால் நடிகர்கள் சகஜமாகப் புழங்குவார்களாம். அவர் முருங்கைக்காயைக் கையில் எடுத்து, லேசாக முறுக்கிப் பார்த்து, முற்றல் என்று தெரிந்ததும் கீழே வைத்து அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்த முகம். பார்த்த முகம் என்றால் சாதாரணமாக இல்லை, சொந்தச் சித்தப்பாவைவிட அதிகம் பார்த்த முகம். பெயர் மட்டும் வரவில்லை.

"என்னங்க, அவருதானே… பொண்ணோட அப்பாவா வந்து, கல்யாணம் நின்னு போச்சுன்னதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுவாரே?" என்றாள் மனைவி.

"எந்தப் படத்துல?"

"எந்தப் படத்துலதான் அவர் விழலை?"

நியாயமான கேள்வி. கதாநாயகனை எல்லாருக்கும் பெயரோடு தெரியும். வில்லனையும் தெரியும். நடுவில், பெண்ணைப் பெற்று, வட்டிக்கு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து தமிழ் சினிமாவைத் தாங்கிப் பிடிக்கிற இந்த ஜாதிக்கு முகம்தான் உண்டு, பெயர் கிடையாது. நான் பக்கத்தில் போய், "சார், நீங்க…" என்று இழுத்தேன்.

"ஆமாங்க" என்றார்.

"பேரு வாயில இருக்கு சார்…"

"நீங்க நிதானமா யோசிச்சு வைங்க, நான் பில்லைப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். கோபமே இல்லை. தினம் நான்கு பேராவது இப்படி இழுப்பார்கள் போல. பில் போட்டுவிட்டு வந்து, "கிடைச்சுதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "எந்த ஊரு?" என்றார். பெரார்கஞ்ச் என்றேன். "அட, உத்தரப் பிரதேசமா! தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்று தட்டிக்கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு என் ஊர் தெரியவில்லை, எனக்கு அவர் பெயர் தெரியவில்லை, கணக்கு நேர்.

இனி சபா. சென்னையில் உட்கார்ந்து சிரிப்பதற்கென்று இடம் ஏற்படுத்திக்கொண்டது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி ஆடிய சபா அது. அவர் எழுதிய 'சபாபதி' 1941-இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த படமாகி, டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் எஜமான் சபாபதி, வேலைக்காரன் சபாபதியாக வந்தார்கள். அந்த வரிசையில் சோ, காத்தாடி ராமமூர்த்தி, ஒய்.ஜி.மகேந்திரன், எஸ்.வி.சேகர், கிரேசி மோகன் என்று ஒரு நீண்ட பட்டியல். கிண்டியில் இன்ஜினியரிங் படித்த மோகனுக்கு 'கிரேசி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது, 1976-இல் சேகர் குழுவுக்கு எழுதிக் கொடுத்த 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தால். அவர் நாடகத்தில் நாயகன் என்றால் மாது, நாயகி என்றால் ஜானகி. ஜானகி என்பது அவருடைய பள்ளிக்கூட ஆசிரியையின் பெயர். நாடகம் போட்டு நன்றி சொன்ன மாணவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.

மோகன் இருந்த காலத்தில், 2019-க்கு முன்னால் ஒரு தடவை போயிருந்தபோது, 'சாக்லேட் கிருஷ்ணா' பார்த்தேன். கிருஷ்ணராக அவரே வருவார், மாதுவாகத் தம்பி பாலாஜி.

ஒரு இடைஞ்சல். நாடகம் ஏழு மணிக்கு. சென்னைக்காரர்களுக்கு அது சாயங்காலம். இந்தியா முழுவதற்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஒரே கடிகாரம். நாங்கள் இருப்பதோ 92-ஐயும் தாண்டி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் எங்களுக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே கடையைக் கட்டிவிடுகிறது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பெரார்கஞ்சில் விளக்கு வைத்தாகிவிடும். எட்டு மணிக்குப் பாய் விரித்தாகிவிடும். ஏழு மணி நாடகம் என் உடம்புக்குப் பாதி ராத்திரி. திரை தூக்குவதற்குள் கொட்டாவி. கேன்டீனில் காபி வாங்கிக் குடித்தேன். பக்கத்தில் கீரை வடையும் இருந்தது. சிலர் நாடகத்துக்கு வந்த இடத்தில் வடை தின்கிறார்களா, வடைக்கு வந்த இடத்தில் நாடகம் பார்க்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தட்டும் கையுமாக நின்றிருந்தார்கள்.

திரை தூக்கியதும் தூக்கம் போன இடம் தெரியவில்லை. மேடையில் பெரிய ஜோடனை ஒன்றுமில்லை. ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஆட்கள் தவறான நேரத்தில் நுழைய ஒரு கதவு. சபா நாடகங்களை 'துணுக்குத் தோரணம்' என்று விமரிசகர்கள் திட்டுவது வழக்கம். தோரணமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, கல்யாண வீட்டு வாசலில் வேறு எதைக் கட்டுவது? மோகன் வசனத்தின் வேகம் அப்படி: ஒரு வரிக்குச் சிரித்தால் அடுத்த வரி சிரிப்பில் அமுங்கிவிடும். அமுங்கியதைப் பிடிப்பதற்காக மறுபடி டிக்கெட் வாங்குகிறார்கள். ஐம்பதாவது தடவை பார்க்கிறவரும் கூட்டத்தில் உண்டு. எனக்குப் பின் வரிசையில் ஒரு மாமா, நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மாமியிடம் "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று முன்னறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், எல்லாரும் சிரித்து முடித்து, மேடையில் அடுத்த வசனம் ஆரம்பித்த நேரத்தில், இடது பக்கத்துத் தூண் ஓரத்திலிருந்து தனியாக ஒரு 'ஹஹ்ஹா' வந்தது. மொத்த சபாவும் திரும்பிச் சிரித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேசட் மனிதர்! இருக்க முடியாதுதான், அது எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய பதிவு. ஆனால் அந்த ஜாதி அழியவில்லை. கதர் சட்டை, மடியில் மஞ்சள் பை, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் மேடையில் கிருஷ்ணரை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோக் அவர் காதில் நுழைந்து, உள்ளே எங்கெங்கோ அலைந்து, விலாசம் கண்டுபிடித்து முகத்துக்கு வருவது அப்படியே தெரிந்தது. முதலில் புருவம் ஏறும். அப்புறம் தோள். கடைசியில்தான் சத்தம். இடைவேளையில் போய்ப் பேசலாம் என்று எழுந்தால் கேன்டீன் கூட்டத்தில் கரைந்துவிட்டார். "யாரைத் தேடறீங்க? ஏதாவது நடிகரா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இந்தத் தடவை போனபோது மச்சான் மகள், "மாமா, டிராமா எல்லாம் போதும், ஸ்டாண்டப் பாக்கலாம்" என்றாள். அவளுக்கு இதில் பெரிய ஞானம். கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003-இல் ஆரம்பித்த 'ஈவம்' நாடகக் குழுவின் கதையிலிருந்து, சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஆர்மோனியத்தோடு மேடையேறிய அலெக்சாண்டர் பாபு வரைக்கும் ஆட்டோவிலேயே பாடம் நடத்தினாள். விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' மேடையில் மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் இன்றைக்கு எங்கே நிற்கிறார் பாருங்கள் என்றாள். "மாமாவுக்காக ஃபர்ஸ்ட் ரோ புக் பண்ணியிருக்கேன்" என்றும் சொன்னாள்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் மாடி. சோபா இல்லை, கதவு இல்லை, டெலிபோன் இல்லை. ஒரு மைக், ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில். பார்வையாளர் வரிசை பின்னாலிருந்து நிரம்பிக்கொண்டே வந்தது. முதல் வரிசையில் நாங்கள் மூன்று பேர்தான். சென்னைக்காரர்களுக்கு நல்ல இடம் எது என்று தெரியவில்லையே என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன்.

பையன் வந்தான். இருபத்தெட்டு வயசு இருக்கலாம். வாடகை வீட்டு ஓனரைப் பற்றி, ஆபீஸ் மேனேஜரைப் பற்றி, பெண் பார்க்கப் போன இடத்தில் அவனுடைய சம்பளத்தைக் கேட்டுவிட்டு கேசரியைத் திருப்பி எடுத்துக்கொண்டதைப் பற்றிச் சொன்னான். நன்றாகவே சொன்னான். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வரிசையைப் பார்த்தான். ஜிர்காட்டாங்கில் வண்டியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களின் கண் எனக்கு ஞாபகம் வந்தது.

"சார், முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க. எங்கேர்ந்து வர்றீங்க?"

"அந்தமான்."

ஒரு நொடி நிறுத்தினான். தங்கம் கிடைத்த முகம். "எப்ப சார் ரிலீஸ்?"

மாடி அதிர்ந்தது. இருநூறு கண்கள் என் பிடரியில். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, "ரிலீஸ் எங்க தம்பி? பரோல்தான். இவங்க எஸ்கார்ட்" என்று மனைவியைக் காட்டினேன்.

அதற்கு வந்த சிரிப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கேட்டதற்கு வந்ததைவிடப் பெரிசு. பின்னால் ஒரு பெண் விக்கல் எடுக்கிற மாதிரி சிரித்தாள். யாரோ இருமினார்கள். பையனே முக்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். மச்சான் மகள், "மாமா, செம!" என்று என் தோளில் அடித்தாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முக்காலி மேலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்கார்ட் என்றதில் கோபமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்து வெளியே வந்தால் மாடிப்படி ஓரத்தில் ஒரு கும்பல் என்னைச் சூழ்ந்துகொண்டது. "அங்கிள், நீங்கதானே அந்தமான்?" ஒரு புதுமணத் தம்பதிக்கு ஹேவ்லாக் போக எந்த மாசம் நல்லது என்று தெரிய வேண்டும். ஹேவ்லாக்குக்கு இப்போது சுவராஜ் தீவு என்று பெயர், பெயரை மாற்றி வருஷக்கணக்காகிறது, எங்கள் போர்ட் பிளேரே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, ஆனால் பழைய பெயரைச் சொன்னாலும் ஆட்டோ வரும் என்றேன். ஒரு அம்மா பாஸ்போர்ட் வேண்டுமா என்றார். ஒருத்தர் கப்பலில் வாந்தி வருமா என்றார். மூன்று நாள் பயணம், முதல் நாள் வரும், இரண்டாம் நாள் வர உள்ளே ஒன்றும் இருக்காது என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நாலைந்து பேர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் "சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று யாரையோ நகர்த்திவிட்டு என் தோளில் கை போட்டான். நகர்த்தப்பட்டவர் யார் என்று பார்த்தால் அந்தக் காமெடிப் பையன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலையட்டும் என்று ஒதுங்கி நின்றான்.

எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்தான். "சார், ரொம்ப தேங்க்ஸ். எத்தனையோ ஊர்க்காரங்ககிட்டப் பேசியிருக்கேன், இப்படி டக்குனு யாரும் திருப்பி அடிச்சதில்ல. அந்த 'பரோல்' லைன், 'எஸ்கார்ட்' லைன் ரெண்டும் அடுத்த ஷோவுல நான் வெச்சுக்கட்டுமா?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்து வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"தாராளமா வெச்சுக்கோங்க தம்பி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மெயின்லேண்டுல எந்த விசேஷத்துக்குப் போனாலும் இவர் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கார். இன்னைக்குத்தான் முதல் தடவையா யாரோ சிரிச்சிருக்காங்க."